மறுகால் சுவரில் நஸ்ரின்

நான் வேலை பார்க்கிற ஷார்ஜாவில் ஓர் ஏரி இருக்கிறது. மனிதர் வெட்டிய ஏரி, சுற்றிலும் இடுப்பளவு கம்பி. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கம்பி மேல் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவல்காரர் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். நேபாளத்துக்காரர். வீட்டில் ஏதும் கஷ்டமா என்று இந்தியில் கேட்டார். நான் குதிக்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில், என் மகள் ஒரு முறை தண்ணீரில் என்று தொடங்கினேன். அவர் முகம் இன்னும் வெளுத்தது. அவருக்குப் புரியவைக்க முடியாததை, வாப்பாவோ அப்பாவோ வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்கிறேன்.

என் மகள் நஸ்ரினுக்கு ஒன்பது வயது. தன் உம்மாவோடு தென்காசியில் இருக்கிறாள். நான் அவளை வளர்த்ததெல்லாம் போனில்தான். சாப்பிட்டியா, படிச்சியா என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும், போன் உம்மா கைக்குப் போய்விடும். அவளை இன்னும் கொஞ்சம் நிறுத்தி வைக்க, நான் பிறந்த கீழப்பாவூர்க் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தேன். பெரிய குளம் நிறைந்து மறுகால் பாயும்போது, தண்ணீர் வழிகிற அந்தச் சுவர் மேலேயே, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கரைக்கு நடப்பேன் என்றேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் தண்ணீர் கொஞ்சம் கூடியது. அப்படி நடந்தவன் நானில்லை, என் சேக்காளி ஒருவன்.

போன லீவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். அருவியில் வெள்ளம் வந்து சங்கு ஊதி, எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள். அப்படியென்றால் உங்கள் ஊரைக் காட்டுங்கள் என்றாள். கீழப்பாவூரில் இறங்கி நடந்தே சுற்றினோம். நரசிம்மர் கோயில் தெரு, நான் படித்த பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் அவளிடம் என் கதை ஒன்று இருந்தது. எனக்குத்தான் சந்துகள் மறந்து, இரண்டு இடத்தில் வழி கேட்டேன். குற்றாலத்தில் விழுந்த தண்ணீர் சிற்றாற்று வழியாக வந்து குளத்தை நிறைத்து, மறுகாலில் வழிந்துகொண்டிருந்தது. அங்கே கம்பியும் இல்லை, சங்கும் இல்லை. போட்டோ எடுக்கலாமென்று, சாரல் விழுந்த போனைத் துடைத்து நிமிர்ந்தேன். நஸ்ரின் சுவர் மேல் பத்தடி போயிருந்தாள். கணுக்கால் அளவு தண்ணீர். ஒரு பக்கம் குளத்தின் ஆழம், மறுபக்கம் பாறைக்கல். செருப்பு இரண்டும் கையில்.

கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவாள், திரும்பினால் வழுக்கும். குரலை அடக்கி, "ஏட்டி, அப்படியே நில்லு" என்றேன்.

"பயப்படாதீய வாப்பா. அக்கரைக்குப் போயிட்டு வந்துருதேன்."

"நில்லு தாயி. வாப்பா அதுல நடந்ததே இல்ல."

நின்றாள். "அப்ப பொய்யா சொன்னீய?"

"பொய்தான். நான் இங்கன நின்னு வேடிக்கதான் பாத்தேன்."

அதுவரை பயமறியாத அவள் கால் அப்போதுதான் நடுங்கத் தொடங்கியது. ஒரு செருப்பு நழுவி, கல்லில் மோதி ஓடிப்போனது. என் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளை அவ்வளவு தூரம் போயிருக்கிறாள். பாசியில் கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்ந்து போனேன். சுடிதார் நுனி கைக்கு எட்டியதும் இறுக்கிப் பிடித்து, அவளை உட்காரவைத்து, இருவருமாகப் பின்னாலேயே நகர்ந்து கரைக்கு வந்தோம்.

கரையில் பைக் கழுவிக்கொண்டிருந்தவர் ஓடி வந்து அவளைத் தூக்கி இறக்கினார். "அண்ணாச்சி வெளியூரா? எங்க ஊர்க்காரன் எவனும் இந்தத் தண்ணியில பிள்ளைய விடமாட்டாம்லா" என்றார்.

ஆமாம், வெளியூர் என்றேன். நஸ்ரின் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இதையாவது உண்மை என்று எடுத்துக்கொண்டாளா என்று நான் கேட்கவில்லை.

இப்போது போனில் எதைச் சொன்னாலும், "நெசமா வாப்பா?" என்கிறாள். அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஆறு பேர் படுக்கிற ரூம், கருகிப்போன சோறு, வெயில். பேச்சு இரண்டு நிமிடத்தில் தீர்வதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, காவல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அவள் வீடியோவில் அழைத்தாள். ஏரியைக் காட்டலாமென்று போனைத் திருப்பினேன்.

"கம்பிய விட்டுத் தள்ளி நில்லுங்க வாப்பா" என்றாள்.

காவல்காரர் எட்டிப் பார்த்தார். பிள்ளையைக் கண்ட பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. ஆனாலும் பிடித்த கையை அவர் விடவில்லை. மறு கையில் நஸ்ரின் இருந்தாள்.