அப்பாவின் இரண்டு கதவு வண்டி

அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு பழைய வழக்குதான் முன்னால் வந்து நிற்கிறது. நான்கு கதவு சலூன் கார் உசத்தியா, இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கூப்பே உசத்தியா? கடைசிவரை அப்பா கூப்பே கட்சி. அம்மாவின் அண்ணனான எங்கள் மாமா சலூன் கட்சி.

ராசிங்காபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அப்பா, சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். போடிக்கு வந்து ஏலக்காய் மூட்டை தைத்துப் பிழைத்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் சொந்தக் கடை வைத்தார். வீடு சற்றே மூச்சுவிட்டதும், சீமைக்குத் திரும்பிய எஸ்டேட் துரை ஒருவரிடம் அந்தக் கூப்பேயை வாங்கிவிட்டார். தரையோடு தரையாக இருக்குமாம். வேட்டியோடு அதில் ஏறுவது பந்தியில் உட்காருவது மாதிரி. எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். குரங்கணிப் பாதையின் கல்லெல்லாம் அதன் வயிற்றில் இடிக்கும். ஆனாலும் போடிமெட்டு வளைவுகளில் அது ஏறிய வேகத்தைச் சொல்லும்போது அப்பாவுக்குக் குரலே மாறிவிடும்.

மாமாவின் இங்கிலீஷ் சலூனில் தலைப்பாகையோடு நிமிர்ந்து உட்காரலாம். பின்சீட்டில் நாலு பேர், டிக்கியில் ஏலக்காய் மூட்டை. ஏற்றத்தில் முனகும், நிற்காது.

அப்பா கல்யாணத்தில் இரண்டும் மோதின. எங்கள் பக்கத்தில் பெண்ணின் அண்ணன்தான் கோயிலில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, காரில் பக்கத்தில் உட்கார்ந்து பந்தலுக்கு அழைத்து வர வேண்டும். கூப்பேயில்தான் வருவேன் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். அதில் இரண்டே சீட்டு என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஓட்டுவதற்கு அப்பாவின் சிநேகிதர் ஏறினார், மாலையோடு அப்பா ஏறினார். மாமா தெருவில் நின்றார்.

"மாப்ளே, எனக்கு எடம் எங்க?"

மேளம் நின்றுவிட்டது. மாமா கோபித்துக்கொண்டு திரும்பினால் கல்யாணமும் அதோடு போச்சு. அப்பா சட்டென்று சிநேகிதரை இறக்கிவிட்டு, மாலையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"வாங்க மச்சான், நீங்க பக்கத்துல உக்காருங்க. ஓட்டுற சோலிய நான் பாத்துக்கிறேன்."

தன் மாப்பிள்ளை அழைப்புக்குத் தானே காரோட்டிய மாப்பிள்ளையைப் போடி அதற்கு முன் பார்த்ததில்லை. மாமா சிரித்துக்கொண்டே ஏறினார். ஆனால் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்துபோக அந்த வண்டிக்குத் தெரியவில்லை. அது குதிக்கக் குதிக்க, மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே ஓடினார்கள். பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது.

"எறங்கி நம்ம வண்டிக்கு வாங்க மாப்ளே."

"இதை நடுத்தெருவுல விட்டுட்டு வரமாட்டேன் மச்சான்."

பின்னால் சீர்த்தட்டுகளோடு வந்த சலூனை முன்னால் கொண்டுவரச் சொல்லி, கூப்பேயை அதன் பின்னால் கிணற்றுக் கயிற்றால் கட்டவைத்தார் மாமா. சலூனை ஓட்டி வந்தவரிடமே விட்டுவிட்டு, மறுபடியும் கூப்பேயில் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். முறை முறைதானே.

"மொதல்ல அண்ணன் வண்டி வந்துச்சு. பின்னால உங்கப்பா, தானே ஓட்டிட்டு வர்ற மாதிரி மொகத்த வச்சுக்கிட்டு வந்தாரு" என்று மாடி ஜன்னலில் பார்த்ததைச் சொல்லிச் சொல்லி அம்மா சிரிப்பார்.

தம்பி பிறந்ததும் கூப்பேயில் எங்களுக்கு இடம் போதாமல் போகவே, அப்பாவும் ஒரு சலூனுக்கு மாறினார். மழை பொய்த்து ஏலம் காய்ந்த வருஷங்களில்கூட, மலைமேல் ஏலத் தோட்டங்களில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையென்றால் அந்த வண்டி போய் நிற்கும். ஆனால் ஒவ்வொரு ஏற்றத்திலும், "கூப்பேயா இருந்தா இந்நேரம் வெரசா மேல போயிருக்கும்" என்பதை மட்டும் அவர் விடவில்லை.

அப்பாவின் கடைசி நாட்களில் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், இரவு பகல் பாராமல் துணைநின்ற அக்கம்பக்கத்தார், கடைக்காரர்கள், தோட்டத்திலிருந்து இறங்கிவந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றுதான் தெரியவில்லை. நடக்க முடியாத வயதில், "மாப்பிள்ளைய நான்தான் கூட்டிட்டுப் போகணும்" என்று அடம்பிடித்து, பூ சுற்றிய வண்டியில் அப்பா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மேளத்துக்குப் பின்னால் வண்டி ஊர்ந்தது. தெரு முனை திரும்பும்போது மாமா குனிந்து அப்பாவிடம் சொன்னார்:

"இன்னைக்குத்தான் மாப்ளே, மெதுவாப் போக ஒத்துக்கிட்டீங்க."