மேள மிஷினின் நாலாவது அடி

அமீன் பாய் தம் பிடித்து யூஃபோனியம் என்கிற பித்தளை வாத்தியத்தை ஊதினால் மெரினாவில் அலை கரைக்கு வராமல் நின்று கேட்கும். மீன்கள் தாமாகப் படகில் ஏறிப் படுத்துக்கொள்ளும். மவுண்ட் ரோட்டில் எல்லா சிக்னலும் ஒரே நேரத்தில் பச்சையாகும். இதுவரை உலகத்தில் இசை எழுதினவர்கள் அத்தனை பேரையும் தராசில் ஒரு தட்டில் வைத்து, மயிலாப்பூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற எங்கள் பாயை மறு தட்டில் வைத்தால் தராசே உடைந்துவிடும். அந்தத் தராசையும் அவர்தான் ரிப்பேர் செய்து கொடுப்பார்.

இதை நேரில் சொன்னால் ஸ்க்ரூடிரைவர் பிடியால் மண்டையில் ஒன்று வைப்பார். அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் கோயில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிற பழைய ஈஸ்வரன் கோயில். பெயரைச் சொன்னால் டிரஸ்டி கோபித்துக்கொள்வார், வேண்டாம். எவ்வளவு பழசு என்று கேட்டால் ஆளுக்கு ஒரு நூற்றாண்டு சொல்வார்கள். என் அம்மா முனியம்மாள் அங்கேதான் பெருக்கிக் கோலம் போடுகிறாள். சாயங்காலம் தீபாராதனைக்கு மேள மிஷின் சுவிட்சைப் போடுவதும் அவள்தான். மேளம் அடிக்க ஆள் இல்லாத கோயில்களில் இருக்குமே, மோட்டார் சுற்றச் சுற்ற இரும்புக் கைகள் மணியையும் முரசையும் மாறி மாறி அடிக்கிற மிஷின், அதுதான். மூன்று அடி மணி, நாலாவது அடி முரசு. டிங், டிங், டிங், தொம்.

எங்கள் மிஷினில் அந்தத் தொம் மட்டும் வராது. முரசை அடிக்கிற கை லூசாகி, தோலைத் தொடாமலே திரும்பிப் போய்விடும். டிங், டிங், டிங், அப்புறம் ஒன்றுமில்லை. நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

கோயிலுக்கு எதிரில் அமீன் பாய் கடை. ஒரு சீலிங் ஃபேனைப் படுக்க வைத்தால் கடை நிறைந்துவிடும். அவருடைய அப்பா பீர் முஹம்மதுக்குக் கண் மங்கி, முடி போல இருக்கிற செம்புக் கம்பி தெரியாமல் போனதும், பாய் பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு அங்கே உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து அவர் கொண்டுவந்த சொத்து ஒன்றுதான். பள்ளி பேண்டில் வேறு யாரும் தூக்க விரும்பாத யூஃபோனியத்தை ஊதுகிற பழக்கம். பார்க்க டியூபா என்கிற பெரிய பித்தளைக் கொம்பின் தம்பி மாதிரி, குண்டாக, சாதுவாக இருக்கும். பாயும் அப்படித்தான். நானும் படிப்பை விட்டவன்தான், ஆனால் அவர் மாதிரி காரணத்தோடு விடவில்லை. கணக்கு வாத்தியாரும் நானும் மனம் ஒத்துப் பிரிந்துவிட்டோம்.

சாயங்காலம் மிஷின் ஓடும்போது பாயைப் பார்க்க வேண்டும். அது நாலாவது அடியை விடுகிற இடத்திலெல்லாம், கையில் இருக்கிற ஸ்க்ரூடிரைவரால் ஃபேன் உடம்பில் ஒரு தட்டு தட்டுவார். தலை நிமிராது. எதிரில் நிற்கிற ஆளிடம் பேசிக்கொண்டே தட்டுவார்.

"இன்னாத்துக்கு பாய் தட்டிக்கினே கீற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது தெனம் ஒரு அடி பாக்கி வெச்சுட்டுப் போவுது நைனா. கேட்டுக்கினு சும்மா குந்த முடில."

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் அடையாறு போவோம். அங்கே ஒரு பள்ளிக்கூட ஷெட்டில் எங்கள் பேண்ட் கூடும். பேங்க் ஆபீசர், பல் டாக்டர், காலேஜ் பிள்ளைகள் என்று எல்லாரும் உண்டு. குச்சி பிடித்து நடத்துகிற கண்டக்டர் ஸ்ரீரங்கன் சார். நான் பாஸ் டிரம், பேண்டிலேயே பெரிய மேளம், ஏனென்றால் அதைப் படியேற்ற ஒரு தடியன் தேவைப்பட்டான். முதல் நாளே டிரம்பெட்காரர்கள் எதிரில் உப்பு மிளகாய்த்தூள் தடவிய மாங்காயைக் கடித்துக் காட்டினேன். அன்றைக்கு எச்சில் ஊறி ஒருத்தருக்கும் நோட்டு வரவில்லை. பாய் கடை வாசலில் 'இங்கே மனசும் ரீவைண்டிங் செய்யப்படும்' என்று போர்டு எழுதி மாட்டியதும் நான்தான். இரண்டு பேர் நிஜமாகவே ரேட் கேட்டார்கள்.

அப்படிப்பட்ட எங்கள் பேண்டுக்காகப் பாய் உட்கார்ந்து எழுதியதுதான் 'ஈஸ்வரன் கோயில் சாயங்காலம்'. கிளாரினெட் எல்லாம் கோபுரத்துப் புறா. டிரம்பெட் கதவு திறக்கிற வெயில். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். கடைசிப் பகுதிதான் பாயுடையது. அதில் மேள மிஷினுக்கே ஒரு பார்ட் எழுதியிருந்தார். வரப்போகிற கும்பாபிஷேகத்தன்று சாயங்காலம் கோயில் வாசல் மேடையில் நாங்கள் வாசிப்போம். உள்ளே தீபாராதனைக்கு மிஷின் ஓடும். பேண்ட் அதோடு சேர்ந்துகொள்ளும். அது விடுகிற ஒவ்வொரு நாலாவது அடியிலும் பேண்ட் முழுக்க நின்று, பாயின் யூஃபோனியம் மட்டும் ஒரு அடிக்குரல் நோட்டு ஊதும்.

"பாய், அந்த அடிய நான் டிரம்ல போட்றேனே. கரெக்டா தொம்முனு கேக்கும்" என்றேன்.

"தோல் சத்தம் வாணாம்டா. அங்க ஒரு ஆளு மூச்சு உடணும்."

ஸ்ரீரங்கன் சார் முதல் தடவை அதைக் கேட்டுவிட்டுக் குச்சியைக் கீழே வைத்தார். "அமீன், கோயிலுக்குப் பக்கத்து ஆத்துல இருந்துண்டு இத்தனை வருஷமா இந்த மிஷினைத் திட்டிண்டு இருக்கேன். இதுக்குள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னு தோணவே இல்லையே!"

பாய்க்குக் காது வரை சிவந்துவிட்டது.

கும்பாபிஷேகம் நெருங்கும்போது புது டிரஸ்டி வெங்கடரமணன் கடைக்கு வந்தார். பாவம், நல்ல மனிதர்தான்.

"பாய், நம்ம மிஷின் ஒரு அடி விடறது. இத்தனை பெரிய விசேஷத்துல சுவாமிக்கு மேளம் குறையக்கூடாது. நீங்கதான் பார்த்துக் கொடுக்கணும்."

நான் எதிரில் ஸ்டூலில் இருந்தேன். பாயின் கையில் சுற்றிக்கொண்டிருந்த செம்புக் கம்பி நின்றது.

"செஞ்சுடலாம் சார்" என்றார்.

அவர் போனதும் பாயின் மனைவி ஜுவேரியா அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். பக்கத்து அறையில் பிளவுஸ் தைக்கிறவர். பேச்சும் ஊசிதான்.

"ஒரு நாளு, அந்தப் பாட்டு முடியிற வரைக்கும் அப்டியே உடுங்க சார்னு சொன்னா வாய்ல முத்தா கொட்டிப்பூடும்?"

"சொல்லலாம். நாளைக்கு ஒருத்தன் பேசுவான். கோயில் மேளத்த ரிப்பேர் பண்ணாத வெச்சிருந்தாரு பாய்னு. ஒரு வாட்டி அந்தப் பேரு வந்துச்சுன்னா, அப்றம் எந்த யூஃபோனியத்த ஊதி அத கழுவுறது?"

அக்கா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். தையல் மிஷின் சத்தம் வரவில்லை.

பாய் ரிப்பேர் செய்தார். அரைகுறையாக ஒரு வேலையைத் திருப்பிக் கொடுக்கத் தெரியாத மனிதர். பக்கவாசல் வழியாகப் போய், தேய்ந்த புஷ் வளையத்தை மாற்றி, நட்டை முறுக்கி, கிரீஸ் வைத்து, அம்மாவை சுவிட்ச் போடச் சொன்னார். டிங், டிங், டிங், தொம்! அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாய் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

அந்தத் தொம்முக்கு அடியில் யூஃபோனியத்தின் மெல்லிய நோட்டு கேட்காது. அடுத்த ஞாயிறு பாய் தன் பார்ட்டில் கடைசிப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்தார். "மிஷினே போட்டுக்கும் சார். நான் சும்மா இருக்கேன்" என்றார் ஸ்ரீரங்கன் சாரிடம். அதற்குப் பிறகு பாய் சரியில்லை. ஒரு மிக்ஸி காயிலை எரித்துவிட்டார். அதுவரை அவர் கையில் எதுவும் எரிந்து நான் பார்த்ததில்லை. உதடு வெடித்திருந்தது. சாயங்காலம் மிஷின் ஓடும்போது ஸ்க்ரூடிரைவர் தூக்கின கை தூக்கினபடி நிற்கும். போட வேண்டிய அடி ஏற்கெனவே விழுந்துவிட்டிருக்கும்.

எனக்கு அதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. வயிற்றுக்குச் சேராதது எதையாவது தின்றிருப்பேன்.

கும்பாபிஷேகத்தன்று சாயங்காலம், எல்லாரும் மேடையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த நேரம் பாய் கடையிலிருந்து ஸ்பேனரைச் சுட்டேன். அம்மா குங்குமத் தட்டோடு கொடிமரத்துப் பக்கம் போனதும் மிஷினிடம் போய் நட்டைத் தளர்த்தினேன். கையெல்லாம் கறுப்புக் கிரீஸ். கால்சட்டையில் அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, டிரம்மைத் தூக்கி மேடையில் வைத்தேன். வாழ்க்கையிலேயே அழகான வேலையைச் செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த வெங்கடரமணன் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது அப்போது காதில் விழுந்தது. "மிஷினை நம்ம அமீன் பாய்தான் சரி பண்ணிக் கொடுத்தார். இன்னிக்குக் கேளுங்கோ, ஒரு அடி விடாது."

மிஷின் இன்றைக்கு அடியை விட்டால் யார் பெயர் கெடும்? டில்லிபாபு என்று நான் ஒருத்தன் இருப்பதே அந்த முதல் வரிசைக்குத் தெரியாது. பாய் எந்தப் பேச்சுக்குப் பயந்து தன் பாட்டையே வெட்டினாரோ, அதே பேச்சை ஊர் கூடியிருக்கிற இடத்தில் நான் வாங்கிக் கொடுக்கப் போகிறேன். இன்னொன்றும் தோன்றியது. நட்டை எவ்வளவு தளர்த்தினேன்? அந்த இரும்புக் கை கழன்று பறந்து குருக்கள் மேல் விழுந்தால்?

இறங்கி ஓடலாம் என்று காலை எடுத்தேன். ஸ்ரீரங்கன் சார் குச்சியைத் தூக்கிவிட்டார்.

புறா பறந்தது, கதவு திறந்தது. நான் எங்கே அடித்தேன், எங்கே விட்டேன் என்று எனக்கே தெரியாது. சார் இரண்டு முறை முறைத்தார். கடைசிப் பகுதி வந்தது. உள்ளே அம்மா சுவிட்ச் போடுகிற நேரம். பாயைப் பார்த்தேன். சும்மா இருக்க வேண்டிய மனிதர், யூஃபோனியத்தை மடியிலிருந்து தூக்கி உதட்டில் வைத்துக்கொண்டிருந்தார். மிஷின் இன்னும் ஆரம்பிக்கக்கூட இல்லை.

டிங். டிங். டிங்.

தொம் வரவில்லை. அந்த இடத்தில் பேண்ட் முழுக்க நின்றிருந்தது. யூஃபோனியம் மட்டும் தாழ்வாக, உருண்டையாக ஒரு மூச்சு விட்டது. சொல்லத் தெரியவில்லை. இருட்டுக் கர்ப்பக்கிரகத்துக்குள் யாரோ "ம்" என்றது மாதிரி. திரும்பவும் டிங், டிங், டிங், திரும்பவும் அந்த மூச்சு. ஒவ்வொரு தடவையும் பாய் வெடித்த உதட்டோடு சரியாக அங்கே வந்து விழுந்தார். ஒவ்வொரு தடவையும் நான் செத்துப் பிழைத்தேன். இரும்புக் கை கழலவில்லை. கற்பூரம் அடங்கி மிஷின் நின்றபோது கடைசி மூச்சு மட்டும் கொஞ்சம் நீண்டு சந்துக்குள் போனது.

எல்லாரும் கை தட்டினார்கள்.

வெங்கடரமணன் மேடைக்கு வருவதைப் பார்த்ததும் டிரம்முக்குப் பின்னால் குனிந்தேன். அவர் பாய்க்குப் பொன்னாடை போர்த்தினார்.

"பார்த்தேளா? நாலாவது அடி கணீர்னு விழுந்தது! என்னமா ரிப்பேர் பண்ணியிருக்கார்!"

ஸ்ரீரங்கன் சார் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். பாட்டு எழுதினவருக்குக் கிடைக்காத பொன்னாடை மெக்கானிக்குக் கிடைத்தது. பாய் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பக்கவாசல் வழியாக உள்ளே போனார். வெளியே வந்தபோது பொன்னாடை தோளிலேயே இருந்தது, கையில் ஸ்பேனர்.

"இன்னா பாய், எங்க போயிருந்த?" என்று ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டேன்.

"நட்டு லூசா இருந்துச்சு. காலைல பூஜைக்கு ஓடணுமில்ல, டைட் பண்ணேன்."

"அடடா. எப்டி லூசாச்சு? பழைய மிஷினு, ஆடி ஆடி கழண்டிருக்கும்."

"இருக்கும்."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். முடியவில்லை. "ஆனா பாய், மிஷின் அடிய உடறதுக்கு முன்னாடியே நீ ஊத ரெடியா இருந்தியே. உனக்கு எப்டி தெரியும்?"

பாய் மேடைப் பக்கம் கையை நீட்டினார். விளக்கு வெளிச்சத்தில் என் பாஸ் டிரம் நின்றிருந்தது. அதன் வெள்ளைத் தோலில், முதல் வரிசைக்கு நேராக, கட்டை விரலும் நாலு விரலுமாக மிஷினின் கறுப்புக் கிரீஸில் ஒரு முழுக் கை பதிந்திருந்தது. சாயங்காலம் முழுக்க ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

நான் கையைப் பின்னால் மறைத்தேன்.

"மறைக்காத, காட்டு" என்று அந்தக் கையைப் பிடித்து இழுத்தார் பாய். பொன்னாடை ஓரத்தால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். புதுச் சரிகையெல்லாம் கறுப்பானது. "எனக்காக எவனாவது திருடப் போனா, கைய கழுவிக்கினு வரச் சொல்லுடா."