நாற்பத்தெட்டாம் நாள்

என் மகனுக்குப் பிள்ளை பிறந்த சேதி எனக்குப் போனில்தான் வந்தது. கடையத்திலிருந்து மருமகளைப் பெற்றவள் பேசினாள். "மைனி, பேரன் பொறந்திருக்கான். ஆபரேஷன்தான். வந்து பாத்துட்டுப் போங்க." அவ்வளவுதான்.

எங்களில் தலைப்பிள்ளை பிறந்தால், பெண் வீட்டார் வெற்றிலை பாக்கும் கற்கண்டும் கொண்டு நேரில் வந்து சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் பையனைப் பெற்றவள் அரைஞாணோடு போய்ப் பிள்ளையைத் தூக்குவாள். என் மாமியாருக்கு அப்படித்தான் வந்து சொன்னார்கள். "போன்ல கூப்பிட்டதும் ஓடி வாரதுக்கு நான் என்ன ஆட்டோக்காரனா?" என்று கேட்டுவிட்டு வைத்தேன். தென்காசியிலிருந்து கடையத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

மகன் பட்டாளத்தில் இருக்கிறான். லீவில் வந்தவன் கெஞ்சினான்.

"எம்மா, மாமா முதுகுவலியில படுத்துக் கெடக்காரு. அத்தை ஆஸ்பத்திரியிலயே கெடக்கா. யாரு வந்து வெத்தல வைப்பா?"

"ஏலே, அவங்க ஊர்ல வேற ஆம்பளையே இல்லயா?"

செல்லில் பிள்ளையின் படத்தைக் காட்ட வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாரல் விழுந்துகொண்டிருந்த நாட்கள். குற்றாலத்துக்குப் போகிற கார்கள் எங்கள் தெருமுனைவரை நிற்கும். யாராவது கதவைத் தட்டினால் சம்பந்தி வீட்டு ஆளோ என்று எழுந்து போவேன். ஐந்தருவிக்கு வழி கேட்கிறவர்களாக இருக்கும்.

பிறகு மகனுக்கு வடக்கே குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறான் என்று தெரிந்தது. வெற்றிலையும் இல்லை, பாக்கும் இல்லை, நானாகவே பஸ் ஏறினேன். அன்றைக்குப் பிள்ளைக்கு நாற்பத்தெட்டாம் நாள்.

சம்பந்தி அம்மா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "வாங்க மைனி" என்று பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் எப்போதோ வாங்கி வைத்திருந்த வெள்ளி அரைஞாண் கடைசிக் கண்ணியில்தான் மாட்டியது. அதற்குள் சதை வைத்துவிட்டான்.

"ராசா, நாந்தாம்ல ஒன் ஆச்சி" என்றேன். உற்றுப் பார்த்தான். உதடு பிதுங்கியது. வீறிட்டான்.

அடுப்படியிலிருந்து அவள், "ஏ சக்கரக்கட்டி, என்னவே வேணும் உமக்கு?" என்றாள்.

அழுகை நின்றுவிட்டது. தலையை அந்தப் பக்கம் திருப்பி, "ங்... ஙூ" என்றான். அவள் ஏதோ கேட்டாள், அவன் பதில் சொன்னான். பிள்ளை இருந்தது என் மடியில். பேச்சு நடந்தது அவர்கள் ரெண்டு பேருக்கும்.

"இப்ப ஒரு வாரமாத்தான் இப்பிடிப் பேசுதான் அத்த" என்றாள் மருமகள். "பழகிட்டா ஒங்ககிட்டயும் பேசுவான்."

பழகுவதற்கு மூன்று நாள்தான் இருந்தது. மூன்று நாளும் போனேன். என்னுடையது தெருவைக் கூட்டுகிற குரல். அதைத் தணித்துத் தணித்துக் கூப்பிட்டேன். என் மூக்குத்தியைப் பார்த்தான், மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தான். பதில் மட்டும் சொல்லவில்லை. நாலாம் நாள் ரயிலேறிவிட்டார்கள்.

இப்போது வீடியோவில் பார்க்கிறேன். "பேசும்மா" என்பான் மகன். ஊரில் ஒருத்திக்கும் வாயில் சளைக்காதவள் நான். எனக்கு வார்த்தை வருவதில்லை.

போன வாரம் ஒருநாள் காலையில், மகன் போனைப் பிள்ளை முன்னால் சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்துவிட்டான் என்கிற தைரியத்தில், "ஏ சக்கரக்கட்டி, என்னவே வேணும் உமக்கு?" என்றேன். அவள் இழுக்கிற மாதிரியே இழுத்து.

சட்டென்று திரும்பினான். "ஙூ" என்றான். அப்புறம் போனைத் தாண்டி அங்கேயும் இங்கேயும் தேடினான். தேடிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தான்.

சத்தம் கேட்டு வந்த மகன் சிரித்தான். "அத்தை வந்துட்டான்னு நெனச்சுட்டாம்மா."

"ஆமாலே" என்றேன். "நான் வைக்கேன். நீ கடையத்துக்குப் போன் போட்டுக் குடு. பிள்ளை அழுதுகிட்டே இருக்காம்லா."