ஒரே சஹனில் சாப்பிட்டவர்

கண்டக்குழிக் கடற்கரையில் ஹோட்டல் கட்ட வந்த கம்பனி எங்களிடம் காணியைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. முதலில் கந்தூரிதான் கொடுத்தது. பள்ளிவாசல் முற்றத்தில் பாய் விரித்து ஆட்டிறைச்சிச் சோறு. சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி ஆறாறு பேர். ஒரே சஹனில் கைவைத்துச் சாப்பிட்டவரை அதற்குப் பிறகு முகத்துக்கு நேரே எதிர்த்துக் கதைக்க எங்கள் ஆட்களுக்கு வராது.

கொழும்பிலிருந்து வந்த மனேஜர் கால்சட்டையை மடித்துவிட்டு என் நானாவின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என் கூடப்பிறந்த மூத்தவரான நானா, மீனவர் சங்கத் தலைவர். படகு ஏற்றும் கரையை விடவே மாட்டோம் என்று சத்தம் போட்டுத் திரிந்தவர். அந்தக் கரை போனால் அவருடைய படகும் என் கணவரின் படகும் எங்கே ஏறும்? மனேஜர் நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து நானாவின் பக்கம் தள்ளிவிட்டதைத் பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். பெருமை இல்லாத மனிசன் என்றுகூட நினைத்தேன், பாருங்களேன்!

பிறகொரு நாள் ஊராரின் கருத்தைக் கேட்க அரசாங்க அதிகாரி வந்தார். மனேஜர் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். ஆட்சேபனை உண்டா என்று கேட்டதும் எல்லாரும் நானாவைப் பார்த்தோம். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழும்பி, "எங்கட படகெல்லாம் எங்க ஏத்துற?" என்று கத்தினேன்.

"தலைவரே ஒண்டும் சொல்லல்லயே" என்றார் அதிகாரி. அதோடு கூட்டம் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். "என்ன நானா, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

"ஒரே சஹன்ல தின்டுட்டு மூஞ்சிக்கு நேரே எப்பிடிப் புள்ள சொல்ற? அவருக்கும் அந்த நெனப்பு இருக்கும்தானே. நம்மள அந்தரத்தில உடமாட்டாரு."

கம்பி வேலி எழும்பிய அன்று படகுகள் கரையேற முடியாமல் தண்ணீரிலேயே நின்றன. நானா இடுப்பில் ஈரச் சாரத்தோடு கம்பனி வாசலுக்கு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். மனேஜர் அப்போதுதான் வாகனத்திலிருந்து இறங்கினார். நானா ஸலாம் சொல்லிக் கையை நீட்டினார்.

"சேர், படகு ஏத்த ஒரு வழி மட்டும் உட்டுத் தாங்க. நாம ஒண்டாச் சாப்பிட்டவங்க."

மனேஜர் நானாவை மேலும் கீழும் பார்த்தார். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை. காவலாளியிடம் திரும்பி, "யார் இவர்?" என்று கேட்டார்.

யா அல்லாஹ்! அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. நானாவின் கை நீட்டியபடியே நின்றது. நான்தான் அதைப் பிடித்து இறக்கினேன்.