வயிற்றில் நின்ற பச்சைப் புட்டு

மகள் வயிற்றில் இருந்தபோது தண்ணீர்கூட எனக்கு எதிரி. சோறு கொதிக்கும் மணம் வந்தாலே குளியலறைக்கு ஓடுவேன். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி, என் வீட்டுத் தேநீரையும் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள்மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளை வளரவில்லை, உன் நிறை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில்தான் இருக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னதும் எரிச்சல் போய்ப் பயம் வந்தது. முதல் பிள்ளை தங்கவில்லை. இதையும் இழக்க எனக்குத் தெம்பில்லை.

நாங்கள் குடிபெயர்ந்து வந்த நகரத்தில், சென்ட் லோரன்ட் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் மருந்துப் பெட்டி அடுக்கும் வேலை எனக்கு. பக்கத்தில் நின்று அடுக்கியவர் இந்தோனேசியப் பெண், என்னைவிட மூத்தவர். அக்கா என்றே கூப்பிடுவேன். எங்களுக்குள் இருந்தது அரைகுறைப் பிரெஞ்சுதான். ஒருநாள் இடைவேளையில் ஒரு டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார். ஆவியில் அவித்த சின்னச் சின்னப் பச்சைக் கேக், மேலே உப்புப் பிசறிய, துருவிய தேங்காய்ப்பூ. "பூத்து ஆயு" என்றார். ரம்பை இலை மணத்தது, ஆனால் குமட்டவில்லை. ஓட எழுந்தவள் திரும்ப உட்கார்ந்து ஒன்றைத் தின்றேன். வாயருகே கையை வைத்தபடி காத்திருந்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை.

வீட்டில் கணவர் முகம் சுளித்தார். "என்னத்தைப் போட்டு அவிச்சதோ? கண்டதையும் சாப்பிடாதையும்."

"நீங்கள் அவிச்ச புட்டு வயித்தில நிக்கேல்லை. அவ அவிச்சது நிக்குது. பேசாமல் இருங்கோ."

அதன்பிறகு வேலைநாள் தவறாமல் டப்பா வந்தது. விடியுமுன் எழுந்து அவித்திருக்க வேண்டும். அக்கா ஒன்றும் எடுப்பதில்லை, நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பசிக்காரிக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்? மெல்ல மற்றச் சாப்பாடும் வயிற்றில் நின்றது, நிறையும் ஏறியது.

மகளின் முதல் பிறந்தநாளுக்கு அக்காவை லாசாலில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு, நானே பூத்து ஆயு அவித்திருந்தேன். ஒன்றை நீட்டியபோது கைப்பையைத் திறந்து இன்சுலின் ஊசியைக் காட்டினார். பல வருடமாகச் சீனி வருத்தமாம். தனி ஆள், வீட்டில் இனிப்பே செய்வதில்லையாம்.

"அப்போ அந்த டப்பாக்கள்?" என்றேன்.

என் மகளைக் காட்டினார்.

மகள் தன் கையில் நசுங்கிய துண்டை அக்காவின் வாய்க்கு நேரே நீட்டினாள். நான் தடுக்கப் போனேன். அக்கா குனிந்து நுனியில் ஒரு கடி கடித்தார்.

"தேங்காய்ப்பூவுக்கு உப்புப் போதாது" என்று சிரித்தார். நான்தான் அழுதுகொண்டு நின்றேன்.