காலைத் தொட்ட பெண்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். முழங்கால் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டார்கள். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த பிறகும் கால் இருப்பதே தெரியவில்லை. இனி நடக்கவே முடியாதோ என்று பயந்தேன். யாரிடமும் கேட்க மனம் வரவில்லை.

நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி பாதத்தைத் தொட்டாள். “தெரியுதுங்களா பாட்டி?”

“இல்ல சாமி. காலு போயிருச்சா?”

“போகலீங்க. மருந்து நரம்பத் தூங்க வெச்சிருக்குது. காலு சொல்ற சேதி மூளைக்குப் போகல. மருந்து எறங்குனா வந்துருமுங்க.”

அடிக்கடி வந்து தொட்டாள். கண்மூடிப் படுத்திருந்தபோது ஒருமுறை என்னை அறியாமல், “நல்லா இரு சாமி” என்றேன். காலைத் தொட்டவரை வாழ்த்தாமல் விடுவது எங்களுக்கு வழக்கமில்லை.

அவள் சிரித்தாள். “பாட்டி, நாந்தொட்டது தெரிஞ்சிருச்சுங்களே! நரம்பு முழிச்சிருச்சு!”

அழுதுகொண்டே, இந்த முறை தெரிந்தே இன்னொரு தரம் வாழ்த்தினேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதித் தர்ற பேத்தியே, ஒருக்கா படிச்சுக் காட்டு கண்ணு. அந்தப் புள்ளைக்குச் சொன்ன வாழ்த்து சரியா வந்திருக்குதான்னு கேக்கோணும்.