தவமணி மிஸியின் தழும்பு

தவமணி மிஸி இறந்த செய்தி ரஹாங்கில் இருக்கும் எனக்குக் கைப்பேசியில் படத்தோடு வந்தது. அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. உறவினர் யாரோ அந்தப் படத்தில் மேலுதட்டுத் தழும்பை அழித்து, முகத்தை வழவழவென்று ஆக்கியிருந்தார்கள்.

இந்த நினைவு மலரைப் படிக்கும், மிஸியை அறிந்த உங்களுக்குத் தெரியும், அவர் பிளந்த உதட்டோடு பிறந்து, தைத்துக்கொண்டு வளர்ந்தவர். நம் ரப்பர் தோட்டங்களில் அதை மலாய்ச் சொல்லால் 'சும்பிங்' என்போம். கிரகணம் பிடித்துவிட்டது என்று காரணமும் சொல்வோம். பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் மிஸியாக, அதாவது தாதியாக, அலைந்த அவருக்கு அந்தக் காரணத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

குழந்தையின் மண்டையும் முகமும் உருவாகும் விதத்தைத் தாய்மார்களுக்குச் சொல்ல, தமிழில் ஒரு சொற்பட்டியல் தயாரித்தார். தமிழாசிரியன் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார். 'முன்னுச்சி மென்சவ்வு' என்று நான் எழுதியதை அடித்துவிட்டு 'உச்சிக்குழி' என்று எழுதினார். சரி, போகட்டும் என்றிருந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது எப்போது கூடும், எப்போது மூடும் என்றும் எழுதச் சொன்னார். மேலுதடு, கருவின் ஏழாம் வாரவாக்கில். மேல் அண்ணம், பன்னிரண்டாம் வாரவாக்கில். உச்சிக்குழி, பிறந்தபின் ஒன்றரை வயதுவாக்கில். சொற்பட்டியலுக்கு இதெல்லாம் எதற்கு என்று சண்டை பிடித்தேன்.

"நேரத்தப் போடலன்னா பழி தாய் மேலதான் விழும்லா, சார்," என்றார்.

புக்கிட் பெலண்டோக்கில் ஒரு வீட்டுக்கு அவரோடு போனபோதுதான் எனக்கு அது உறைத்தது. உதடு பிளந்த பிள்ளையைப் பெற்ற மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்ப, மாமியார் துணிமணியை மூட்டை கட்டி வைத்திருந்தார். ஏழாம் மாதத்தில், கிரகணத்தன்று, அவள் காய் நறுக்கினாளாம். மிஸி பட்டியலை விரித்து மேலுதட்டுக்கு நேரே விரலை வைத்தார்.

"ரெண்டாம் மாசமே கூடியிருக்க வேண்டிய ஒதடும்மா இது. ஏழாம் மாசத்துக் கத்தி அத எப்படி வெட்டும்? என் ஒதட்டையும் பாருங்க. எங்கம்மா சாகற வரைக்கும் இந்தப் பேச்சத்தான் கேட்டாங்க. இவ எங்கயும் போக வேணாம்."

மாமியார் குனிந்து பிள்ளையின் உதட்டைப் பார்த்தார். பிறகு, பிள்ளைக்கு எப்போது தைப்பார்கள் என்று கேட்டார். நாங்கள் கிளம்பும்போது மருமகள் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கைப்பட அடித்துத் திருத்திய அந்தப் பட்டியல் இன்றும் என்னிடம் இருக்கிறது. அவருடைய பிடிவாதத்திலும் கொஞ்சம் எனக்கு ஒட்டிக்கொண்டது. இந்த மலருக்கு அவர் வாய்விட்டுச் சிரிக்கும் படத்தை நானே கொடுத்தேன். தழும்பை எடுத்துவிடலாமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். உறவினர்கள் கோபித்தால் கோபிக்கட்டும். அந்த உதட்டைக் காட்டித்தான் அவர் ஒரு பெண்ணை அவள் வீட்டில் இருக்க வைத்தார். அதில் யாரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.